ரெண்டு செய், ஒண்ணை ஒடை!

(முன்னாள் மாணவன், மெக்கானிக்கல் பிரிவு, 1994–97)



பேரவை ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று உங்கள் செயலாளர் போனில் கேட்டபோது, "நான் என்னப்பா எழுதுறது? லேத்தை விட்டா எனக்கு என்ன தெரியும்?" என்றேன். "லேத்தைப் பத்தியே எழுதுங்கண்ணா" என்றார். ஆள் விடாக்கண்டர். சரி, எழுதுகிறேன். ஆனால் லேத்தைப் பற்றி அல்ல. லேத்தில் செய்த ஒரு சின்னஞ்சிறு பின்னைப் பற்றி. கனம் எட்டில் ஒரு பங்கு அங்குலம், அதாவது மூன்று மில்லிமீட்டரும் கொஞ்சமும். நீளம் உங்கள் சுண்டுவிரல் அளவு. அந்தப் பின் ஒரு பழைய துப்பாக்கிக்குள் இருந்தது. அதற்கு எந்த ஸ்டீல் போடுவது என்பதில் நான் செய்த ஒரு தவறும், சொன்ன ஒரு பொய்யும் இத்தனை வருடம் கழித்தும் என் தூக்கத்தைக் கெடுக்கின்றன. நீங்களாவது நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

1996 ஏப்ரலில் இரண்டாம் ஆண்டுப் பரீட்சை முடிந்தது. அப்பா ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். "ரெண்டு மாசம் சும்மா ஊர் சுத்தாதே. எங்கியாவது போயி கையை அழுக்குப் பண்ணு" என்று சொல்லி, கோவையில் தனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோய் விட்டார். அவர் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி ரிப்பேர்க் கடைக்காரர். எல்லோரும் அவரை 'மேஸ்திரி' என்றே கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை. பட்டறையில் பெல்ட்டில் ஓடும் ஒரு குட்டி லேத்து, ஒரு வைஸ், கையால் சுற்றும் ஊதுலை, சுவரில் வரிசையாக அரங்கள். அவ்வளவுதான். மூலையில் ஓர் இரும்புப் பீரோ. அதன் பக்கத்தில் மேசை மேல் தடிமனான ஒரு ரிஜிஸ்தர். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் குற்றம், பழுது பார்ப்பதும் குற்றம். ஆகவே எந்தத் துப்பாக்கி வந்தாலும் முதலில் லைசென்ஸ் நம்பர், துப்பாக்கி நம்பர், வந்த தேதி எல்லாம் ரிஜிஸ்தரில் ஏறும். பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரே வெளியில் வரும். ராத்திரி எல்லாம் பீரோவுக்குள் போய்விடும். மேஸ்திரி அந்த ரிஜிஸ்தரில் அரசாங்கம் கேட்காத ஒரு கட்டத்தையும் தானாகவே போட்டு வைத்திருந்தார். 'என்ன ஸ்டீல், என்ன சூடு' என்று அதற்குத் தலைப்பு. மாற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் அதில் ஒரு வரி எழுதுவார்.

"எதுக்குங்க மேஸ்திரி இது?" என்று கேட்டேன்.

"நாளைக்கு இதை இன்னொருத்தன் கழட்டுவான் கண்ணு. அவனுக்குத் தெரியணுமில்ல!" என்றார்.

* * *

அந்த ஜூன் மாதம் தடாகம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். வயது அறுபதுக்கு மேல். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் அவரிடம் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி. அவருடைய அப்பா காலத்தில் ஒரு தோட்டத் துரையிடம் வாங்கியதாம். இங்கிலாந்தில், பர்மிங்காமில் செய்தது. சோளமும் வாழையும் போட்டிருக்கும் மலையடிவாரம். ராத்திரியில் யானையோ பன்றியோ இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அந்தத் துப்பாக்கி செய்த வேலை அவ்வளவுதான்.

அதன் உள்ளமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. 1875-இல் ஆன்சன், டீலி என்ற இருவர் பேட்டன்ட் எடுத்த அமைப்பு அது. துப்பாக்கியின் குதிரைகள் வெளியே தெரியாது, பாடிக்குள் மறைந்திருக்கும். குழலை மடக்கித் திறக்கும்போது குதிரைகள் இரண்டும் தாமாகவே பின்னால் போய் நிற்கும். அப்படிப் போன குதிரை திரும்பி வராமல் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்னக் கொக்கி. அதற்கு 'சியர்' என்று பெயர். விசையை இழுத்தால் சியரின் மூக்கு குதிரையின் வெட்டிலிருந்து நழுவும், குதிரை பாயும், தோட்டா வெடிக்கும். இடப் பக்கம் ஒரு சியர், வலப் பக்கம் ஒரு சியர். இரண்டும் ஒரே பின்னின் மேல் ஆடுகின்றன. அந்தப் பின் பாடியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை குறுக்கே போகிறது.

'சேஃப்டி இருக்கிறதே, பிறகென்ன பயம்?' என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த வகைத் துப்பாக்கிகளில் சாதாரணமாக சேஃப்டி விசையை மட்டும்தான் பூட்டும், குதிரையைப் பூட்டாது. சியர் தானாக நழுவிவிட்டால் சேஃப்டி வெறும் அலங்காரம்தான். ஆக, குதிரைக்கும் மனுஷனுக்கும் நடுவில் நிற்பது சியரின் மூக்கும், அந்தச் சியரைத் தாங்கும் பின்னும் மட்டுமே.

மேஸ்திரி கழற்றிப் பார்த்தார். பின் தேய்ந்து, சியர்கள் உட்காரும் இரண்டு இடத்திலும் பள்ளம் விழுந்திருந்தது. பாடியில் இருந்த துவாரமோ அப்படியே வட்டமாக இருந்தது. பின்னின் ஒரு முனையில் அரத்தை வைத்து லேசாகத் தேய்த்தார். அரம் சுலபமாகக் கடித்தது. "ம்..." என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'பாவம், அந்தக் காலத்து வெள்ளைக்காரனுக்கு நல்ல ஸ்டீல் கிடைக்கவில்லை போல!'

* * *

மறுநாள் மேஸ்திரிக்குக் கலெக்டர் ஆபீசில் லைசென்ஸ் புதுப்பிக்கும் வேலை. கிளம்பும்போது சொன்னார்: "சில்வர் ஸ்டீல்ல அந்தப் பின்னைச் செஞ்சு வையி. ரெண்டு செய், ஒண்ணை ஒடை. ஒடைச்சதை எனக்குக் காட்டு."

என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். அவர் இரண்டு மூன்று முறை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் ஊதுலையைப் பற்றவைத்து, காய்ச்சி, தோய்த்து, தேய்த்து, மறுபடி பதம் ஏற்றி... அரை நாள் வேலை. அதில் பாதி, வேண்டுமென்றே ஒடிப்பதற்காகச் செய்வது! எனக்கு அது கிழவரின் பிடிவாதமாகத்தான் பட்டது.

அப்போது என் டப்பாவில் எட்டில் ஒரு பங்கு அங்குல உருண்டை டூல் பிட் ஒன்று இருந்தது. எச்.எஸ்.எஸ்.! ஹை ஸ்பீடு ஸ்டீல்! 'பதினெட்டு, நாலு, ஒண்ணு' என்று வகுப்பில் ஒப்பித்தது நினைவுக்கு வந்தது. டங்ஸ்டன் 18 சதவீதம், குரோமியம் 4, வனேடியம் 1. செக்கச் செவேல் என்று காய்ந்தாலும் கூர் போகாது. கடினம் ராக்வெல் சி அளவில் 64-ஐத் தொடும். அளவு கச்சிதமாக கிரைண்டிங் செய்து வந்தது. துவாரத்தில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

'இதை விட உசந்த ஸ்டீல் உலகத்தில் உண்டா?' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிரைண்டிங் வீலில் பிடித்து நீளத்துக்கு வெட்டினேன். தண்ணீர் தொடவில்லை. முனை நீலம் பாரித்தது. அதையும் எமரித் தாளால் தேய்த்து மறைத்தேன். மொத்தம் இருபது நிமிஷம். மத்தியானம் நிம்மதியாக டீ குடித்தேன்.

சாயங்காலம் மேஸ்திரி வந்தார். மாட்டி வைத்த துப்பாக்கியைத் திறந்து மூடிப் பார்த்தார். காலி டம்மித் தோட்டா போட்டு விசையை இழுத்துப் பார்த்தார். துப்புரவாக வேலை செய்தது.

"சில்வர் ஸ்டீல்தானே?"

"ஆமாங்க மேஸ்திரி."

"ஒடைச்சதை எங்க?"

"குப்பையில போட்டுட்டேனுங்க. கிரெய்ன் நல்லா இருந்துச்சுங்க."

ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணை. அவர் என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். பிறகு ரிஜிஸ்தரை எடுத்து, என் கண் முன்னால், தன் கையெழுத்தில் எழுதினார்: 'சியர் பின் – சில்வர் ஸ்டீல் – நீலப் பதம்.'

* * *

காலேஜ் திறந்தது. மூன்றாம் ஆண்டு. சனிக்கிழமைகளில் மட்டும் பட்டறைக்குப் போவேன். 1997 ஜனவரி, பொங்கல் முடிந்த சனிக்கிழமை. உள்ளே நுழையும்போதே அந்தத் தடாகத்து விவசாயி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் துணியில் சுற்றிய துப்பாக்கி.

"வெடிச்சுப் போச்சுங்க மேஸ்திரி" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலாம் போல இருந்தது எனக்கு.

நடந்தது இதுதான். ராத்திரி பதினொரு மணிக்குச் சோளக்காட்டில் யானை. இவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கட்டுத்தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பேத்தி டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். பத்து வயசுப் பிள்ளை. தோட்டா போட்டுக் குழலை மூடினார். மூடிய அதிர்ச்சியிலேயே வலக் குழல் வெடித்துவிட்டது. விசையைத் தொடவே இல்லை. சேஃப்டியும் போட்டபடிதான் இருந்தது. இவருக்கு எப்போதும் குழலின் வாயைத் தரைக்குக் காட்டித்தான் மூடும் பழக்கம். அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்தது. அந்தப் பழக்கம்தான் காப்பாற்றியது. ரவை முழுக்க மண்ணில் இறங்கியது. பேத்தியின் காலுக்கும் அந்தக் குழிக்கும் ஓரடி கூட இல்லையாம்.

"புள்ளைக்கு ஒண்ணுமில்லீங். ஆனா ரெண்டு நாளா சரியாப் பேச மாட்டேங்கிறா" என்றார்.

எனக்குக் கால் நடுங்கியது.

மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் துப்பாக்கியைப் பிரித்தார். பின் இரண்டு துண்டாக வந்தது. ஒடிந்த முகம் கண்ணாடித் துண்டு மாதிரி, கொஞ்சம்கூட வளையாமல் பட்டென்று முறிந்திருந்தது. ஒரு துண்டு சாய்ந்து, அதன் கூரான விளிம்பு பாடியின் துவாரத்தை ஒரு பக்கமாகக் குடைந்து விட்டிருந்தது. எழுபது, எண்பது வருஷம் வட்டமாக இருந்த துவாரம் என் கைவண்ணத்தால் ஏழே மாதத்தில் முட்டை வடிவம்.

அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போய் கிரைண்டரில் லேசாகத் தொட்டார். நல்ல கார்பன் ஸ்டீல் என்றால் பூவாணம் மாதிரி வெள்ளையாக, கிளை கிளையாகப் பொறி வெடிக்கும். இதில் மங்கலான செம்பொறி நாலைந்துதான் சோம்பலாக விழுந்தது. டங்ஸ்டனின் அடையாளம் அது. பொறி பொய் சொல்லாது.

அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக அந்த விவசாயியிடம் போனார். கை கூப்பினார்.

"தப்பு என்னோடதுங்க. தப்பான ஸ்டீல் போட்டுட்டேன். வேற செஞ்சு தர்றேன். காசு வேண்டாமுங்க. புள்ளையை ஒரு நாளு நான் வந்து பாக்கறேன்."

'நான்' என்றார். 'பையன்' என்று சொல்லவில்லை. தம்பி தங்கைகளே, அவர் என்னை ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் நான் இந்த வயதுக்குள் மறந்திருப்பேன்.

பெரியவர் போன பிறகு நானே போய் நின்றேன். டூல் பிட், நீலம் பாரித்த முனை, குப்பையில் போட்டதாகச் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுவிட்டேன் என்பதையும் மறைப்பானேன்?

கேட்டு முடித்துவிட்டு, "சரி, அந்த ஸ்டூலை இழுத்துப் போடு" என்றார்.

* * *

அன்றைக்கு அவர் நடத்திய பாடத்தை எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலில் பழைய பின்னை எடுத்தார். அந்த வெள்ளைக்காரன் காலத்துப் பின். அதைத் தூக்கிப் போடாமல் சின்ன டப்பாவில் பெயர் எழுதி வைத்திருந்தார்.

"அரம் கடிச்சுதே, ஞாபகம் இருக்கா? நீ என்ன நெனச்சே?"

"மட்டமான ஸ்டீலுன்னு நெனச்சேனுங்க."

"அவன் வேணும்னேதான் அப்படிச் செஞ்சிருக்கான். பாடி மைல்ட் ஸ்டீல். மேல கேஸ் ஹார்டனிங் பண்ணின தோலு. தோலு கெட்டி, ஆனா காயிதம் மாதிரி மெல்லிசு. அது ஒருக்கா தேஞ்சா புதுப் பாடிக்கு எங்க போவே? பின்னு தேஞ்சா ஒரு மணி நேரத்துல செஞ்சுக்கலாம். அதனால தேயறதுன்னா பின்னுதான் தேயணும். இத்தனை வருஷமா இது தேஞ்சு தேஞ்சு அந்தத் துவாரத்தைக் காப்பாத்தியிருக்கு. நீ வந்து, துவாரத்தைத் தேய்க்கிற மாதிரி ஒரு பின்னைப் போட்டே!"

எனக்குப் பளீரென்று அறைந்த மாதிரி இருந்தது. 'மட்டம்' என்று நான் நினைத்தது, ஒரு கைவினைஞன் யோசித்து எடுத்த முடிவு!

பிறகு ஒவ்வொரு ஸ்டீலாக எடுத்து மேசை மேல் வைத்தார்.

முதலில் மைல்ட் ஸ்டீல். திருப்புவதற்கு வெண்ணெய். ஆனால் இந்தக் கனத்தில் குதிரையின் அடியில் வளையும்; ஓரம் பிசிறு விடும். வளைந்த பின்னைத் துவாரத்திலிருந்து தட்டி எடுப்பதற்குள் பாடி வீணாகிவிடும். சரி, மைல்ட் ஸ்டீலைக் கேஸ் ஹார்டனிங் செய்தால்? உள்ளே மென்மை, வெளியே கெட்டி. பழைய காலத்தில் பல பாகங்களை அப்படித்தான் செய்தார்கள். நல்ல வழிதான். ஆனால் மூன்று மில்லி பின்னில் கொஞ்ச நேரம் அதிகமாக வைத்துவிட்டாலும் கார்பன் உள்ளே வரை இறங்கிவிடும். பிறகு தோலே இல்லை, முழுக்க எலும்புதான். ஒடியும்.

அடுத்து இ.என்.8. நம்ம ஊரில் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். கார்பன் 0.4 சதவீதம். இந்த 'இ.என்.' எண்கள் 1941-இல், போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டில் வந்தவை. பிரிட்டனிலேயே 1970-களில் வேறு எண்முறைக்கு மாறிவிட்டார்கள். நம் பட்டறைகளில் இன்றைக்கும் அதே பேச்சுத்தான். பெரிய கனத்துக்கு இ.என்.8 அருமை. இந்த மெல்லிசுக்குக் கொஞ்சம் சாது.

இ.என்.24. நிக்கல் சுமார் ஒன்றரை சதவீதம், கூடவே குரோமியமும் மாலிப்டினமும். அடி தாங்குவதில் ராஜா. "இது போடலாம், தப்பில்ல. ஆனா இவ்வளவு சின்னக் கனத்துல, நேரா, உருண்டையா எங்கிட்ட இல்ல" என்றார்.

இ.என்.31. பால் பேரிங் ஸ்டீல். கார்பன் ஒரு சதவீதம், குரோமியம் ஒன்றரை. தேயவே தேயாது. "அதனாலதான் வேண்டாம்!" என்றார் சிரித்துக்கொண்டே.

கடைசியாக என்னுடைய எச்.எஸ்.எஸ். துண்டுகள். "இது நல்ல ஸ்டீலு. கெட்ட ஸ்டீல்னு எதுவும் கெடையாது தம்பி. இது லேத்துல சூட்டைத் தாங்கி வெட்டறதுக்குப் பொறந்தது. அடி வாங்கறதுக்குப் பொறக்கல. அதுலயும் நீ தண்ணியில்லாம அரைச்சு நீலம் ஆக்கினே பாரு, அப்பவே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்திருக்கும்."

மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் நாம் ராக்வெல் மிஷினும் பார்க்கிறோம், ஐசாட், சார்பி மிஷினும் பார்க்கிறோம். முன்னது கடினத்தை அளக்கிறது. பின்னது ஓங்கி அடித்தால் எவ்வளவு தாங்கும் என்பதை அளக்கிறது. இரண்டும் வேறு வேறு என்று பரீட்சையில் எழுதிப் பத்து மார்க் வாங்கியவன் நான்! லேபில் தெரிந்தது பட்டறையில் தெரியாமல் போனது எப்படி? எண் பெரிதாக இருந்தால் ஸ்டீல் உசத்தி என்று நம்பிவிட்டேன். அதுதான் காரணம்.

* * *

மேஸ்திரி கடைசியில் எடுத்தது சில்வர் ஸ்டீல். பெயரில்தான் வெள்ளி, உள்ளே ஒரு துளி கிடையாது. பளபளப்பாக அரைத்து வருவதால் அந்தப் பெயர். கார்பன் ஒரு சதவீதத்தை ஒட்டி, கொஞ்சம் குரோமியம். இதன் பெருமை, நாம் கேட்ட பதத்துக்கு வரும் என்பதுதான்.

"இப்ப நீ செய்யி. ரெண்டு செய், ஒண்ணை ஒடை" என்றார்.

குடைந்து போன துவாரத்தை அவரே கை ரீமரால் மயிரிழை அளவு பெரிதாக்கி மறுபடி வட்டத்துக்குக் கொண்டு வந்தார். முகத்தில் வேதனை. பர்மிங்காம்காரன் வைத்த அளவு இனி அந்தத் துப்பாக்கிக்கு எப்போதும் திரும்பாது. அந்தப் புது அளவுக்கு, ஒரு நம்பர் பெரிய சில்வர் ஸ்டீல் கம்பியிலிருந்து நான் இரண்டு பின் திருப்பினேன். முனைகளைக் கூர் இல்லாமல் உருட்டினேன். கூரான மூலையில்தான் வெடிப்பு தொடங்கும் என்று சொல்லியிருந்தார்.

ஊதுலையில் இரண்டையும் ஒன்றாகக் காய்ச்சினேன். அவ்வப்போது ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னார். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்துக்கு ஒட்டாது. ஒட்டாமல் போனதும் இன்னும் கொஞ்சம், பழுத்த செர்ரிச் சிவப்பு. உடனே எண்ணெயில் நேர்குத்தாக இறக்கினேன். எடுத்து அரம் வைத்தால் கண்ணாடி மேல் போவது போல வழுக்கியது. 'ஆஹா' என்று இருந்தது எனக்கு.

"இப்ப இது உன் டூல் பிட்டுக்குத் தம்பி. இப்படியே போட்டா இதுவும் ஒடியும்" என்றார்.

எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, காய்ந்த இரும்புத் தகட்டின் மேல் வைத்து உருட்டினேன். நிறம் ஓட ஆரம்பித்தது. முதலில் வைக்கோல் மஞ்சள், சுமார் 230 டிகிரி. பிறகு பழுப்பு. பிறகு கத்தரிப்பூ. பிறகு மயில் கழுத்து நீலம், 300-ஐ ஒட்டி. "இன்னும் ஒரு மூச்சு... ஒரு மூச்சு... எடு!" வெளிர் நீலம் எட்டிப் பார்த்த நேரத்தில் எடுத்தேன்.

ஒரு பின்னை வைஸில் பாதி வரை பிடித்து, மேல் பாதிக்கு ஒரு குழாயை மாட்டி வளைத்தேன். வளைந்தது. விட்டால் ஸ்பிரிங் மாதிரி நிமிர்ந்தது. மறுபடி இன்னும் பலமாக வளைத்தேன். கொஞ்சம் வளைந்தபடி நின்று, அதற்குப் பிறகே ஒடிந்தது. ஒடிந்த முகத்தை இருவரும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தோம். மங்கிய சாம்பல் நிறம். பட்டுத் துணி போல நைஸ். அளவுக்கு மேல் காய்ச்சியிருந்தால் சர்க்கரைக் கல் மாதிரி பளபளவென்று பெரிய கிரெய்ன் தெரியும் என்றார்.

"ஒடைச்சுப் பாக்காம உள்ள இருக்கறது எப்படித் தெரியும்? ஒண்ணை ஒடைக்கிறது நஷ்டம் இல்ல. ஒடைஞ்சது சொல்லும், ஒடையாதது எப்படி இருக்குன்னு. ரெண்டும் ஒரே கம்பி, ஒரே சூடு, ஒரே எண்ணெய்."

ஒடியாத பின் துப்பாக்கிக்குள் போனது. ரிஜிஸ்தரைத் திறந்து பழைய பக்கத்தைக் காட்டினார். தன் கையெழுத்தில் இருந்த 'சில்வர் ஸ்டீல் – நீலப் பதம்' என்ற வரியை ஒரே கோட்டால் அடித்தார். பேனாவை என் கையில் கொடுத்தார்.

"உண்மையை எழுது."

எழுதினேன்: 'எச்.எஸ்.எஸ். டூல் பிட் போடப்பட்டது. தவறு. ஒடிந்தது.' அதற்குக் கீழே என் பெயர், தேதி. இதுவரை எத்தனையோ இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைப் போல் கனமான கையெழுத்து வேறில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியும் நானும் தடாகம் போனோம். பேத்தி எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடிவிட்டாள். அப்புறம் கதவிடுக்கிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் வாங்கிப் போயிருந்த தேன் மிட்டாயைத் திண்ணையில் வைத்தேன். நாங்கள் கிளம்பும் வரை எடுக்கவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது திரும்பிப் பார்த்தேன். திண்ணையில் மிட்டாயும் இல்லை, அவளும் இல்லை. ஏதோ ஒரு மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

* * *

மேஸ்திரி 2009-இல் காலமானார். கடையும் இல்லை. நான் துப்பாக்கித் தொழிலுக்குப் போகவில்லை. இன்று எனக்குச் சின்னதாக ஒரு பட்டறை இருக்கிறது. மில் மிஷின்களுக்கும் பம்புகளுக்கும் உதிரி பாகம் செய்து கொடுக்கிறேன். யாராவது ஒடிந்த பின்னைக் கொண்டு வந்து, "இதை விட ஸ்ட்ராங்கா போட்டுக் குடுங்க" என்று சொன்னால், நான் உடனே லேத்தை ஓட்டுவதில்லை. மூன்று கேள்வி கேட்கிறேன். இந்தப் பின் எதன் மேல் உரசுகிறது? தேய்வதா, அடி வாங்குவதா, இதன் வேலை என்ன? இதற்கும் பக்கத்தில் இருப்பதற்கும் நடுவில், எது கெட்டால் நமக்குத் தாங்கும்? சில மிஷின்களில் ஓவர்லோடு ஆனால் ஒடியட்டும் என்றே ஷியர் பின் வைத்திருப்பார்கள். அதை 'ஸ்ட்ராங்' ஆக்கினால் கியர்பாக்ஸ் போய்விடும். பதில் தெரிந்த பிறகுதான் ஸ்டீலின் பெயரே வாயில் வரும். பிறகு இரண்டு செய்கிறேன், ஒன்றை ஒடிக்கிறேன். என் பட்டறைப் பையன்கள் முதல் வாரம் என்னைக் கிழவன் என்று முணுமுணுப்பார்கள். தெரியும். நானும் முணுமுணுத்தவன்தானே!

ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு யாரும் தாத்தா காலத்துத் துப்பாக்கியை எடுத்துவைத்துக் கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். உரிமம் பெற்றவர் கையில்தான் அதைக் கொடுக்க வேண்டும். சட்டமும் அதுதான், புத்தியும் அதுதான். உங்களுக்கான பின்கள் வேறு எங்கோ காத்திருக்கின்றன. பஸ் பிரேக்கில், லிஃப்டில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஊஞ்சலில். அவற்றின் பக்கத்திலும் டார்ச் பிடித்துக்கொண்டு யாரோ ஒரு பிள்ளை நின்றுகொண்டிருக்கும். உங்களுக்கு அது தெரியப் போவதில்லை.

என் மேசை மேல் இன்றும் ஒரு சின்ன டப்பா இருக்கிறது. அதில் ஒடிந்த எச்.எஸ்.எஸ். துண்டு இரண்டு. மேஸ்திரி என்னிடம் கொடுத்தது. 'என்ன ஸ்டீல்?' என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் நான் உண்மையைத்தான் சொல்கிறேன்.

வாழ்க, வளர்க!